சிவப்பைப் பார்த்தவள், சருகைக் கூட்டியவள்

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் போனதும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வாதாம் மரம் நிறம் மாறத் தொடங்கும். முதலில் ஒன்றிரண்டு இலைகளின் ஓரத்தில் மஞ்சள் தட்டும். பிறகு அது செம்பாகும். மாசி பாதியில் மரம் முழுக்கச் சிவந்துவிடும். அந்தச் சிவப்பு நிற்பது பத்து நாளோ பன்னிரண்டு நாளோதான். அதற்குள் இலைகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கிவிடும். உள்ளங்கையைவிடப் பெரிய, தோல் போலத் தடித்த இலைகள். காய்ந்த இலை சிமெண்டுத் தரையில் விழும் சத்தம் வீட்டுக்குள் இருந்தாலும் கேட்கும்.

உத்தமபாளையத்தில் வீடு கட்டிக் குடிவந்த வருடம் நான்தான் இந்தக் கன்றை வாங்கி வந்து வைத்தேன். நர்சரிக்காரர் இதை அலங்கார மரங்களின் வரிசையில் வைத்திருந்தார். "பூவெல்லாம் பெருசா இருக்காதும்மா. ஆனா வருசத்துக்கு ஒருதடவை இலையே பூ மாதிரி ஆயிரும்" என்றார். அந்த வார்த்தைக்காகவே வாங்கினேன். ஆனால் அவர் சொன்ன பூவை அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக நான் பார்க்கவே இல்லை.

மரம் சிவக்காமல் இல்லை. ஒவ்வொரு வருடமும் சிவந்தது. நான்தான் குனிந்திருந்தேன். காலையில் ஐந்து மணிக்கு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுச் சமையல், பிறகு பள்ளிக்கூடம். மாலையில் வந்து பார்த்தால் காலையில் கூட்டிய இடம் தெரியாது. மாசி மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை விளக்கமாற்றைத் தொடுவேன். அந்த நாட்களில் மரத்தைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் ஒன்றே ஒன்று: இந்தச் சனியனை ஏன் வைத்தேன்?

என் கணவருக்கு அந்த மரம் பிடிக்கும். அதன் கீழே நாற்காலி போட்டுத்தான் காப்பி குடிப்பார், பேப்பர் படிப்பார். சிவந்த மாதத்தில் செல்போனில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவார். "எங்க வீட்டு மரம்" என்று எழுதுவார். மரத்தின் அழகைப் பற்றி எங்கள் வீட்டில் பேசியவர் அவர் ஒருவர்தான். எனக்கு ரசனை இல்லை என்பது அவருடைய குறை. அது உண்மைதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லி, குனிந்து நிமிரும் வேலைகளை விடவேண்டியதாயிற்று. வாசல் கூட்ட ஓர் அக்காவை ஏற்பாடு செய்தோம். அந்த மாசியில் ஒருநாள் காலை, காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கிலிருந்து வெயில் இலைகளுக்குள் நுழைந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இலையும் விளக்கேற்றியது போல் இருந்தது. கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாக இது இங்கேயா இருந்தது என்று தோன்றியது.

அப்போது என் காலுக்குப் பக்கத்தில் விளக்கமாறு உரசும் சத்தம் கேட்டது. அக்கா குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். "காலைக் கொஞ்சம் தூக்குங்க டீச்சர்" என்றார். நான் தூக்கினேன்.

கணவர் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் குனிந்திருந்த இடத்தில் இன்னொரு பெண் குனிந்திருந்தார். என் ரசனை வந்த வழி எனக்கு அப்போது புரிந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒரு நொடியைப் பற்றியதுதான். ஓர் அழகைப் பார்ப்பதற்கு நான் நிமிர வேண்டும் என்றால், இன்னொருத்தி குனியத்தான் வேண்டுமா?

*

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடையில் விற்கும் பாதாம் வேறு, இது வேறு. அந்தப் பாதாம் ரோஜாவின் குடும்பம். இந்த நாட்டு வாதுமை நம் மருதத்துக்கும் தான்றிக்கும் கடுக்காய்க்கும் உறவு. தென்கிழக்காசியக் கடற்கரைகளில் நன்றாக வளரும் மரம். அதன் காய் கடலில் மிதந்து போய்க் கரை ஒதுங்கி முளைக்கக்கூடியது. 1767இல் லின்னேயஸ் இதற்கு டெர்மினாலியா கட்டப்பா என்று பெயரிட்டார். இலைகள் கிளையின் நுனியில் கொத்தாக நிற்பதால் முதற்பெயர். மலாய் மொழியில் இதைக் கெத்தாபாங் என்பதால் இரண்டாம் பெயர். கிளைகள் அடுக்கடுக்காக, தட்டுத் தட்டாக விரியும். பள்ளிக்கூடம், கோர்ட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு என்று தமிழ்நாட்டில் இது இல்லாத ஊர் குறைவு. கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னாத பிள்ளைகளும் குறைவு.

நம் ஊரில் இலை சிவந்து உதிரும் மரங்கள் அதிகமில்லை. இலையுதிர் காலம் என்ற சொல்லே நாம் பாடப்புத்தகத்தில் கற்றது. தொல்காப்பியம் தரும் ஆறு பெரும்பொழுதுகள் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழையும் குளிரும் பனியும் வெயிலும் இந்தப் பெயர்களில் இருக்கின்றன. இலை உதிர்வது ஒரு பருவத்தின் பெயராக நம்மிடம் இல்லை. குளிர்நாட்டு மரம் பகல் குறைந்து குளிர் வருவதை அறிந்து இலையை விடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் எங்கள் பக்கத்து மரங்களில் பல, தண்ணீர் குறைவதை அறிந்து விடுகின்றன. எப்படியானாலும் காரணம் ஒன்றுதான். இலை வைத்திருப்பது செலவு. வரவு குறையும்போது மரம் செலவைக் குறைக்கிறது.

அதை அது செய்யும் விதம் நுட்பமானது. இலையில் இருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலிருக்கும் தழைச்சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. ஆனால் சிவப்பு ஏற்கெனவே இருந்ததல்ல. இலையுதிர்க்கும் மரங்கள் பலவற்றில் அது கடைசி நாட்களில் புதிதாகத் தயாராகிறது. போகப்போகிற இலைக்கு ஏன் இந்தச் செலவு என்று அறிவியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சத்தை இழுத்து முடிக்கும்வரை வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடை அது என்பார் ஒரு சாரார். பூச்சிகளுக்கு விடும் எச்சரிக்கை என்று 2001இல் ஹாமில்டனும் பிரவுனும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் காம்பின் அடியில் மெல்லிய ஓர் அடுக்கு உருவாகி இலையைத் துண்டிக்கிறது. காயம் ஆறிய பிறகு விழுவது போல. மரத்தில் புண் இருக்காது, தழும்பு மட்டும் இருக்கும். தழும்புக்கு மேலே அடுத்த தளிருக்கான மொட்டு தயாராக நிற்கும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பொறாமை வந்தது. விடுவதற்கு இந்த மரத்துக்கு ஒரு காலம் இருக்கிறது. அது வெட்டவெளியில், எல்லோர் கண்முன்னாலும் விடுகிறது. யாரும் அதைச் சோம்பேறி என்று சொல்வதில்லை. அழகு என்கிறார்கள்.

*

பெண் விட்டால் என்ன சொல்கிறார்கள்? மாதவிலக்கு நின்ற வயதில் எனக்குத் தூக்கம் போயிற்று, கோபம் வந்தது, உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. வீட்டில் யாரிடமும் அதற்கு ஒரு பெயர் இல்லை. "வயசாயிருச்சுல்ல" என்பதோடு பேச்சு முடிந்தது. உதிரம் என்ற சொல்லும் உதிர் என்ற சொல்லும் வேர் வேறானவை. ஆனால் அந்த நாட்களில் என் காதுக்கு அவை அக்கா தங்கை போலத்தான் ஒலித்தன. முதுமையைப் பேசும்போது நம் மொழி இலையிடம்தான் போகிறது. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த பழமொழி இருக்கிறது. சருகாகிவிட்டாள் என்கிறோம். ஆணின் நரையை அனுபவம் என்றும் பெண்ணின் நரையைத் தேய்மானம் என்றும் பார்க்கும் இரட்டை அளவுகோலைப் பற்றி சூசன் சோண்டாக் 1972இலேயே எழுதிவிட்டார். அரை நூற்றாண்டு கழித்தும் எங்கள் ஊர் மருந்துக்கடையில் முடிச்சாயம் வாங்கும் பெண்கள் அந்த அளவுகோலுக்குத்தான் காசு கட்டுகிறோம்.

மரத்தோடு ஒப்பிட எங்கள் பள்ளத்தாக்கிலேயே இன்னொரு செடி இருக்கிறது. திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று எங்கே போனாலும் பந்தல்கள். திராட்சையும் பிறப்பால் இலையுதிர்க்கும் கொடிதான். குளிர்நாடுகளில் அது இலையைக் கொட்டிவிட்டுப் பனிக்காலம் முழுக்கத் தூங்கும். இங்கே அந்தத் தூக்கம் இல்லை. தூங்குகிற அளவு குளிர் வருவதில்லை. அறுவடை முடிந்ததும் கவாத்து செய்கிறார்கள். சுமார் நான்கு மாதத்தில் மறுபடி பழம். ஒரு தோட்டத்தில் அறுக்கும்போது இன்னொன்றில் பூக்கும். ஆண்டு முழுக்க எங்கேயாவது பழம் இருக்கும். இது எங்கள் பெருமை. விவசாயியின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் பந்தலுக்குக் கீழே நடக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வரும். அவள் ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வேலை முடிந்தால் அவளை இன்னொரு வேலைக்குக் கவாத்து செய்துவிடுவார்கள். அவளும் தளிர்ப்பாள். "ஓயாத கை" என்று அவளைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்தான் அவளுக்குப் பூட்டிய பூட்டு.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த ஓயாமையை நிமிடத்தில் சொல்கிறது. கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறாள். ஆண் கொடுப்பது 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைத் தொடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர்.

ஆகவே பெண்ணுக்கும் உதிர்க்கும் காலம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகு நான் அதைச் செய்யவும் செய்தேன். விசேஷங்களுக்கு விடிய விடியப் பலகாரம் சுடுவதை விட்டேன். எல்லோருக்கும் ஞாபகமூட்டும் வேலையை விட்டேன். தோழிகளிடம் வாதாம் மரத்தை உதாரணம் காட்டிப் பேசினேன். மகளிர் தினக் கூட்டம் ஒன்றில் மேடையிலேயே பேசினேன். கைதட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் சாக்கில் சருகை அமுக்கிக்கொண்டிருந்தார். அது மூன்றாவது சாக்கு.

*

அக்காவுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட. கம்பத்துப் பக்கத்து ஊர். ஐம்பது வயது தாண்டும்வரை ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். இந்த மாவட்டத்துப் பெண்களின் விடியற்காலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இருட்டிலேயே சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் நெருக்கி ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ இடுக்கி மலைக்குப் போய்ப் பழம் எடுத்து, களை எடுத்து, இருட்டும்போது இறங்குவார்கள். நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் பலபேரின் அம்மாக்கள் அந்த ஜீப்பில்தான் இருந்தார்கள். இன்று அக்காவின் மகள் போகிறாள்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அக்கா, நீங்க எப்பக்கா ஓய்வு எடுப்பீங்க?"

அவர் நிமிரவில்லை. "இதுதான டீச்சர் ஓய்வு. மலைக்குப் போறதுக்கு இது என்ன வேலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. என்னுடைய ஓய்வு அவருடைய வேலை. அவருடைய ஓய்வும் என் வாசலில் வேலையாகவே இருந்தது. மரத்தை உதாரணம் காட்டி நான் மேடையில் பேசியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மரம் விட்ட இலை எங்கேயாவது விழவேண்டும். நான் விட்ட வேலையும் அப்படித்தான். பலகாரம் சுடுவதை நான் விட்டேன். என் மருமகள் எடுத்துக்கொண்டாள். வாசலை நான் விட்டேன், அக்கா எடுத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்த கணவருக்கு மேல் ஓர் இலைகூட விழவில்லை.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஜோன் ட்ரான்டோ 1993இல் வந்த தன் நூலில் சலுகை தரும் பொறுப்பின்மை என்று ஒன்றைப் பேசுகிறார். பராமரிப்பு வேலைகள் தமக்காக நடந்துகொண்டே இருக்கின்றன என்பதைக் கவனிக்கக்கூடத் தேவையில்லாத நிலையில் சிலர் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்தபோது கணவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது என்னைப் பற்றியும்தான் என்று தெரிகிறது.

இது என் வாசலோடு முடியும் கதையுமல்ல. இந்தியாவில் இலையின் நிறத்துக்காகவே பெயர்பெற்ற மரம் காஷ்மீரத்துச் சினார். நிஷாத், ஷாலிமார் தோட்டங்களில் அது சிவக்கும் பருவத்தை அங்கே ஹருத் என்பார்கள். அதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். அதே சினார் இலைகளைக் கூட்டிக் குவித்து, எரித்து, தண்ணீர் தெளித்துக் கரியாக்குவது பெரும்பாலும் பெண்கள். பனிக்காலத்தில் உடம்புக்குச் சூடு தரும் காங்கிரிச் சட்டியில் அந்தக் கரிதான் கனலும். ஒரே இலை. ஒருவருக்கு அது காட்சி, இன்னொருவருக்கு வரப்போகும் குளிருக்கான விறகு. நிமிர்ந்து எடுத்த படத்தில் குனிந்த பெண் இருப்பது அபூர்வம்.

*

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். மூன்று வழிகள் தோன்றின.

முதல் வழி, மரத்தை வெட்டுவது. பக்கத்து வீட்டுக்காரர்களும் பல வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மாடியிலும் இலை விழுகிறது. மரம் இல்லையென்றால் குனிய வேண்டியதில்லை. யாருக்கும் பாரமில்லாத அழகு மட்டுமே நியாயமான அழகு என்று ஒருவர் வாதிடலாம். நான் அக்காவிடம் சொன்னேன்.

"வெட்டாதீக டீச்சர்" என்றார் உடனே. மரத்தின் மேல் உள்ள பாசம் என்று நினைத்தேன். "வெட்டிட்டீகன்னா வாசலக் கூட்ட என்னிய எதுக்குக் கூப்புடப் போறீக? ஒரு வீடு கொறஞ்சு போகும். அதுக்குப் பதிலா மாசி, பங்குனி ரெண்டு மாசமும் ஐநூறு கூடக் குடுங்க. சாக்குத் தூக்குனா தோளு இறங்குது."

இத்தனை வருடத்தில் அவர் கூடக் கேட்டதில்லை. நானும் கூடக் கொடுத்ததில்லை. மற்ற மாதத்தைப் போல மூன்று மடங்கு இலை விழும் மாதத்திலும் அதே சம்பளம்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அறம் பற்றி இவ்வளவு யோசித்த எனக்கு அந்தக் கணக்கு மட்டும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

இரண்டாவது வழி, கூலியைச் சரியாகக் கொடுப்பது. கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா? பாதி நேராகும். அந்தப் பாதியைச் சின்னதாக நினைக்கக்கூடாது. வீட்டுவேலை செய்பவர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 189ஐ ஐ.எல்.ஓ. 2011இல் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அதனால் விடுப்பு, வார ஓய்வு, கூலி உயர்வு எல்லாம் எஜமானியின் நல்ல மனசைப் பொறுத்தே இருக்கின்றன. நல்ல மனசு என்பது உரிமைக்கு மாற்றல்ல. வேலைக்கு விலை வைப்பது அதன் மதிப்பைக் குறைக்கிறது என்று சொல்பவர்கள், பெரும்பாலும் விலை கொடுக்கவேண்டியவர்கள்.

ஆனால் மீதிப் பாதி கூலியில் அடங்காது. கூட்டுவது யார் என்பதை நம் ஊரில் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. என் மதில்சுவருக்கு வெளியே தெருவில் விழும் இலைகளை அள்ள வருகிற தூய்மைப் பணியாளர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரிலும் உங்களுக்குத் தெரியும். அந்த விளக்கமாற்றைச் சாதி அவர்கள் கையில் கொடுத்தது. நான் என் வாசலில் விளக்கமாற்றைப் பிடித்தது பெண் என்பதால். அவர்கள் ஊர் முழுவதற்கும் பிடிப்பது பிறப்பால். இரண்டும் ஒன்று என்று சொல்லிக்கொண்டு நான் அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொள்ள முடியாது.

1969இல் மியர்லே லேடர்மன் யூகெலஸ் என்ற அமெரிக்கக் கலைஞர், பராமரிப்பும் கலைதான் என்று ஓர் அறிக்கை எழுதினார். குழந்தை பெற்ற பிறகு நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டும் கழுவிக்கொண்டும் இருந்த பெண் அவர். புரட்சி நடந்த மறுநாள் காலை குப்பையை அள்ளப்போவது யார் என்பது அவருடைய கேள்வி. பத்து வருடம் கழித்து நியூயார்க் நகரத்தின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கினார். அதை முடிக்க ஏறத்தாழ ஒரு வருடம் பிடித்தது. கைகுலுக்கினால் கூலி உயராது. ஆனால் கைகுலுக்க நிமிரவேண்டும், எதிரே இருப்பவரும் நிமிரவேண்டும். என் வாசலுக்கு ஆறு வருடமாக வந்த அக்காவின் கையை நான் தொட்டதில்லை.

மூன்றாவது வழி, பழையபடி நானே கூட்டுவது. முழங்கால் விடாது என்பது ஒரு பக்கம். முழங்கால் விட்டாலும் அது தீர்வில்லை. குனிவதைப் பெண்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

*

விடை என்று ஒன்று கிடைக்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் தாமதமாகக் கண்ணில் பட்டது. மேகமலையிலும் சுருளிக் காட்டிலும் இதைவிடப் பல மடங்கு இலை விழுகிறது. அங்கே யாரும் கூட்டுவதில்லை. மண் வாங்கிக்கொள்கிறது. ஏலத்தோட்டத்தில் உதிர்ந்த சருகைச் செடியின் தூரில் மூடாக்காகப் போட்டுக் கோடைக்கு ஈரத்தைக் காப்பாற்றுகிறார்கள். இலை குப்பையாக விழுவதில்லை. என் வாசலில் அது குப்பையாவதற்குக் காரணம், வீடு கட்டியபோது மரத்தின் தூர்வரை நாங்கள் போட்ட சிமெண்டு. வாங்கிக்கொள்ள மண் இல்லாத இடத்தில் விழுந்தது எல்லாமே யாராவது ஒருத்தி அள்ளவேண்டிய பாரமாகிவிடுகிறது.

ஒரு பெண் ஓய்ந்தால் இன்னொரு பெண்ணின் தலையில் விழுவதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஓய்வு எடுப்பது தப்பில்லை. அதைத் தாங்கிக்கொள்ள வீட்டில் ஆண் இல்லை, ஊரில் ஏற்பாடு இல்லை, சட்டம் இல்லை. எல்லா இடமும் சிமெண்டு. உதிர்க்கும் உரிமையைக் கேட்கும்போதே அது எங்கே விழும் என்றும் கேட்கவேண்டும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத பெண் விடுதலை, நாற்காலியை ஆணிடமிருந்து வாங்கி என் போன்றவர்களுக்குப் போடுவதோடு நின்றுவிடும்.

போன வருடம் ஆடியில் மரத்தைச் சுற்றி எட்டடிக்குச் சிமெண்டை உடைத்தோம். உடைத்தவர் கணவர். ஒருநாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே உடைத்தார். அந்த வட்டத்துக்குள் விழும் இலையைக் கூட்டுவதில்லை, வெளியே விழுவதையும் அதற்குள் தள்ளிவிட்டால் போதும் என்று முடிவு. தள்ளும் வேலை ஞாயிறும் புதனும் அவருடையது. அக்காவுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "பாம்பு வந்து படுக்கும் டீச்சர், சொல்லிப்புட்டேன்" என்றார். இதுவரை வரவில்லை. அவர் இன்னும் நம்பவில்லை. மாசியிலும் பங்குனியிலும் ஐநூறு கூட. வாரத்தில் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. மதிலுக்கு வெளியே தெரு அப்படியேதான் இருக்கிறது.

இந்த மாசியிலும் மரம் சிவந்தது. ஒருநாள் மத்தியானம் அக்கா வேலையை முடித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நானாக உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நிமிர்ந்து பார்ப்பார், அந்தச் சிவப்பைப் பார்ப்பார் என்று எனக்கு ஓர் எதிர்பார்ப்பு. அவர் பார்க்கவில்லை. நாற்காலியைத் திருப்பி மரத்துக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு புரிந்தது. அவர் என்ன பார்க்கவேண்டும் என்பதும் நான் விடவேண்டிய ஒன்றுதான். இரண்டு இலைகள் அவர் மடியில் விழுந்தன. அவர் எடுக்கவில்லை. நானும் எழுந்து போகவில்லை.